மீன் பெட்டிக்குள் ஆறு கைப்பேசிகள்

தனுஷ்கோடிக்குப் போகிறேன் என்றதும் பினாங்கு அலுவலகத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, அங்கே சிக்னல் இருக்குமா என்பது. இருக்காது என்பதால்தான் போகிறேன் என்றேன்.

எங்கள் அலுவலகம் சிறியது. பெரிய மொழி மாதிரிகளை, அதாவது பேசினால் புரிந்துகொண்டு மறுமொழி சொல்லும் கணினி நிரல்களை, எளிய கருவிகளில் ஓடவைப்பது எங்கள் தொழில். வழக்கமாக இவை எங்கோ தொலைவில், குளிரூட்டிய கட்டடங்களில் அடுக்கிவைத்த கணினிகளில் ஓடுகின்றன. நம் கையில் இருக்கும் கைப்பேசி வெறும் தபால் பெட்டி போலத்தான். கேள்வியைப் போட்டால் பதில் வரும். தபால் போகாத இடத்தில் என்ன செய்வது? சாதாரணக் கைப்பேசிகள் ஆறைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதிரியை ஆறு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடலாம். முதல் கைப்பேசி தன் பங்குக் கணக்கைப் போட்டு இரண்டாவதிடம் தரும். அது மூன்றாவதிடம். ஆறாவது கையைத் தாண்டியதும் ஒரு சொல் பிறக்கும். அடுத்த சொல்லுக்கு மறுபடி முதலிலிருந்து. படகிலிருந்து மீன்கூடையைக் கைமாற்றிக் கரையில் இறக்குகிறார்களே, அதுபோல. நடுவில் ஒருவர் சோர்ந்தால் வரிசை முழுவதும் சோரும்.

தனுஷ்கோடியில் கடை வைத்திருப்பவர்கள், வடக்கிலிருந்து வரும் யாத்ரீகர்களோடு பேச இப்படி ஒன்று வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு மூலம் கேட்டிருந்தார்கள். போய்ப் பொருத்தி, சோதித்து, குறித்துக்கொண்டு வருவது என் பொறுப்பு. எங்கள் குடும்பம் இந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறியது என்று சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் நினைவில்லை. தேடிப்போக எதுவும் இல்லாதது ஒரு விதத்தில் நிம்மதி. வேலையை மட்டும் பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலை ராமநாதபுரத்தில் இறங்கினேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் இட்லிக்கு மீன் குழம்பு ஊற்றினார்கள். நேற்றைய குழம்பு என்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். இட்லிக்கு ஊற்றலாம் என்று இத்தனை வருடம் தோன்றாமல் போனதற்கு வருந்தினேன். பக்கத்துக் கடையில் கருப்பாகப் பளபளத்த இனிப்பு ஒன்றை வெட்டி வைத்திருந்தார்கள். கீழக்கரைத் தொதல் என்றார் கடைக்காரர். வாயில் போட்டால் எங்கள் ஊர் டோடோலேதான். அதே தேங்காய்ப்பால், பல்லில் ஒட்டும் அதே பிடிவாதம்.

"எங்க பக்கத்துல இருந்துதான்க்கா உங்க ஊருக்குக் கப்பல்ல போச்சு" என்றார்.

எங்கள் ஊரில் கேட்டால் எதிர்த்திசையில் சொல்வார்கள். நான் எந்தப் பக்கமும் சேராமல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

ராமேஸ்வரம் பேருந்து உச்சிப்புளி தாண்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர் பஞ்சர். கண்டக்டர் எல்லாரையும் இறக்கி வேப்பமரத்தடிக்கு ஓட்டினார். எனக்கு முன் இருக்கையில் வற்றல் மூட்டையோடு வந்த பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "நாமதான் பாவத்தைக் கழிக்க ராமேஸ்வரம் போகணும். இந்த வண்டி போற வழியிலயே கழிச்சுக்கிருது" என்றார். டிரைவர் ஜாக்கியின் அடியிலிருந்தே, "வாங்க, நீங்க வந்து கழட்டுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். பினாங்கில் பேருந்து பழுதானால் எல்லாரும் கைப்பேசியைப் பார்ப்பார்கள். இங்கே எல்லாரும் டயரைப் பார்த்தார்கள். எனக்கு யாரோ வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தார்கள்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியபோது பேச்செல்லாம் அடங்கிவிட்டது. தினம் போகிறவர்கள்கூடக் கீழே எட்டிப்பார்த்தார்கள். பினாங்குப் பாலம் இதைவிட நீளம். ஆனால் அதில் நிறுத்தக்கூடாது, நிற்கவும் கூடாது. இங்கே பாலத்தின் மேல் ஒரு சின்னத் திருவிழாவே நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடி. இரு பக்கமும் கடல், நடுவில் நாடாவைப் போல ஒரு சாலை. கைப்பேசியைத் திறந்தால் கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு என்னை வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

ஓலைக்கூரையும் தள்ளுவண்டியுமாக ஆறு கடைகள் என் சோதனையில் சேர்ந்திருந்தன. கடைக்காரர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். பொரித்த மீன் கடை வைத்திருப்பவர் செல்வராணி. கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர்; கடைக்குப் பின்னால் கூப்பிடு தூரத்திலேயே குடிசை. அடுத்த கடை தள்ளுவண்டி. அதில் நன்னாரி சர்பத் விற்பவர் கருப்பையா. அபிராமத்துப் பக்கத்தில் மிளகாய் போடும் விவசாயி. மிளகாய் எடுத்து முடித்ததும் அடுத்த மழை வரை வண்டியோடு கடற்கரைக்கு வந்துவிடுகிறார். இந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. செல்வராணியின் அடுப்புப் புகை கருப்பையாவின் சர்பத்தில் இறங்குகிறது என்பது வழக்கு.

கருப்பையா எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சொன்னார்: "அடுப்பு எரிஞ்சாத்தான் சில பேருக்குப் பொழப்பு. அந்தப் புகைய எந்தப் பக்கம் விடுறதுன்னு ஒரு மருவாதி வேணாமா?"

செல்வராணி மீனைப் பார்த்துப் பதில் சொன்னார்: "காத்து என் கையிலயா இருக்கு? கடலப் போய்க் கேக்கச் சொல்லு."

ஆறு கடைக்காரர்களின் கைப்பேசிகளையும் வாங்கி மீன் கடை மேசையில் வரிசையாக வைத்தேன். எது எவ்வளவு தாங்கும் என்று அளந்து, அதற்கேற்பத் துண்டு போடுவதில்தான் இந்த வேலையின் சூட்சுமம். செல்வராணியின் கைப்பேசி பழையது. அதற்கு மெல்லிய துண்டு. கருப்பையாவுடையது புதிது, அதற்குத் தடித்த துண்டு. அவருக்கு இது பிடிக்கவில்லை.

"வலுத்த மாடுன்னு தெரிஞ்சா ரெண்டு ஏரையும் அது மேலயே பூட்டுறதா மேடம்?"

"மாடு உழுதாத்தானே" என்றார் செல்வராணி, மீனிடம்.

மாதிரியை இவ்வளவு சின்னக் கருவிகளுக்குள் அடக்க, பினாங்கிலேயே நிறையக் கழித்திருந்தோம். மாதிரிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களில், புள்ளிக்குப் பின் நீளும் வால்களை நறுக்கினோம். தேவைப்படாது என்று தோன்றிய எழுத்துகளையெல்லாம் நீக்கினோம். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றின் எழுத்துகள் மட்டும் தங்கின. எங்கள் ஆய்வகத்தில் அது நன்றாகப் பேசியது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஏசி உண்டு.

உச்சிப்பொழுதில் கைப்பேசிகளைத் தொட முடியவில்லை. சூடு ஏறினால் அவை தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறில் எது மெதுவோ, அதன் வேகம்தான் ஆறுக்கும் வேகம். "மீன் என்ன விலை?" என்று இந்தியில் கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சொல் வந்தது. கருப்பையா ஒரு சர்பத் கலந்து கொடுத்து முடித்தார். இன்னொரு சொல் வந்தது.

"இது சொல்லி முடிக்கிறதுக்குள்ள கேட்டவன் காசிக்கே போய்ச் சேந்துருவான்" என்றார் செல்வராணி.

துணி கட்டிப் பார்த்தேன், விசிறிப் பார்த்தேன், நிழலை மாற்றினேன். பயனில்லை. அன்று நான் சாப்பிட்ட பொரித்த நகரை மீன் அருமையாக இருந்தது என்பதையும், எனக்கு அதில் மனம் செல்லவில்லை என்பதையும் குறித்திருக்கிறேன்.

புதன்கிழமை நான் வரும்போது மேசை காலியாக இருந்தது. கடைகள் எல்லாம் திறந்திருந்தன. கைப்பேசிகள் மட்டும் இல்லை.

"போன் எல்லாம் எங்கே?" என்றேன்.

"உள்ள இருக்கு" என்று செல்வராணி காலால் காட்டினார்.

அது மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி. மூடியைத் திறந்தேன். அடியில் பாறை மீன்கள், அவற்றின் மேல் நொறுக்கிய ஐஸ், ஐஸின் மேல் ஆறு கைப்பேசிகள். ஒவ்வொன்றும் பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, முகம் மேலே பார்க்க, வரிசை மாறாமல் படுத்திருந்தன.

"நேத்துத் தொட்டுப் பாத்தேங்க்கா. காய்ச்ச கண்ட பிள்ளை மாதிரி கொதிச்சுச்சு. மீனே கெட்டுப்போற வெயிலு, போன் கெடாதா? அதான் ஐஸுல வச்சேன். தண்ணி போகாது, பயப்படாதீக. கடலுக்குப் போறவுக எல்லாரும் இப்படித்தான் கட்டிக் கொண்டுபோறாக."

எந்தக் கையேட்டைத் திறந்தாலும் செய்யாதே என்று முதலில் போட்டிருக்கும் காரியம் இது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தன. குளிர்ந்திருந்தன. சரி என்று நேற்றைய கேள்வியையே கேட்டேன். நான் நிமிர்வதற்குள் பதில் முழுவதும் வந்து முடிந்திருந்தது. மறுபடி கேட்டேன். தெலுங்கில் கேட்டேன். நீளமாகக் கேட்டேன். பெட்டிக்குள்ளிருந்து, மீன்களின் மேலிருந்து, தயக்கமே இல்லாமல் பதில் வந்துகொண்டிருந்தது.

ஈரம் பின்னால் கெடுக்கும், நடுவில் ஓர் அட்டையாவது வைக்கவேண்டும் என்று எச்சரித்தேன். அட்டை வைத்தார். பிறகு சொன்னார்: "மீனும் அறிவும் ஒண்ணுதான்க்கா. ரெண்டும் ஐஸுல இருந்தாத்தான் நாறாது." கருப்பையா சிரித்துவிட்டார். பிறகு யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று நினைவு வந்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பகல் முழுவதும் நல்ல வியாபாரம். வங்காளத்துக் குடும்பம் ஒன்று பெட்டியோடு பேரம் பேசியது. சாயங்காலம் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். அதன் பிறகு சோதனைச் சாவடியில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இங்கேயே குடியிருக்கும் மீனவக் குடும்பங்கள் மட்டும் இருக்கலாம்.

அப்போதுதான் அந்த அம்மாவைக் கவனித்தோம். சாலைக்கு அந்தப் பக்கம், கடலோரக் கட்டைச்சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பச்சைப் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டியிருந்தார். கழுத்தில் துளசி மணி, கையில் ஒரு பித்தளைச் செம்பு, அதில் ஈரமணல். அவரோடு வந்தவர்கள் யாரும் இல்லை. அங்கே காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் போய் இந்தியில் ஏதோ கேட்டார். அந்த அம்மா வேறு மொழியில் நீளமாகப் பதில் சொல்லிவிட்டு, சுவரில் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பையிலிருந்த பயணச்சீட்டை வாங்கிப் பார்த்த கான்ஸ்டபிள் எங்களிடம் வந்தார்.

"ராத்திரி ரயிலு. வண்டில ஏறுங்கன்னா ஏறமாட்டேங்குறாக. தூக்கி ஏத்திரலாம்னா வயசானவுக, கையை உதறுறாக. இந்த ரயிலை விட்டா அவுக ஆளுகள அப்பறம் எங்கன போய்ப் பிடிக்க? எதுக்கு மாட்டேங்குறாகன்னாச்சும் கேட்டுச் சொல்லுங்க."

செல்வராணி பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டினார். நான் பின்னால் ஓடினேன். பெட்டி பக்கத்தில் வந்ததும் அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடி, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். துளசி மணி போட்டவர். நீராடிவிட்டு, கையில் பூஜைக்கு எடுத்த சேது மணலோடு இருக்கிறார். மீன் பெட்டியோடு எப்படிப் பேசுவார்? கைப்பேசிகளை வெளியே எடுத்துக் கழுவி வைக்கலாம். ஆனால் அந்த நேரத்திலும் சுவர் கொதித்தது. ஒரு நிமிடத்தில் பழைய கதை ஆகிவிடும்.

அப்போது சக்கரச் சத்தம் கேட்டது. கருப்பையா தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"ஏ ராணி, அதை அங்கிட்டுக் கொண்டுபோ. போனை மட்டும் கழுவி இங்கன வையி" என்றார். நேராகச் செல்வராணியிடமே. அவரது ஐஸ் பெட்டியில் நன்னாரி பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து மணலில் அடுக்கினார்.

"உன் ஐஸு உருகிப்போகுமே?"

"உருகினா உருகுது. நாளைக்கும் ஐஸு வண்டி வரும்."

கழுவிய கைப்பேசிகளை உள்ளே வரிசையாக வைத்தோம். திறந்த பெட்டியிலிருந்து நன்னாரி வாசனை எழுந்தது. அந்த அம்மா முந்தானையை இறக்கிவிட்டு எட்டிப்பார்த்தார்.

கேட்பதற்கும் பேசுவதற்கும் என் கைப்பேசியை இணைத்து அவர் முன் நீட்டினேன். அவர் பேசினார். பெட்டி இந்தி என்று நினைத்துக்கொண்டு உளறியது. அவர் பேச்சில் சில சொற்களைக் கேட்டு, மராத்தியாக இருக்கலாம் என்று கான்ஸ்டபிள் சொன்னார். நாங்கள் மராத்தியைச் சோதித்ததே இல்லை. நீக்கவேண்டிய மொழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் நாங்கள் கழித்தது எழுத்துகளைத்தான். மராத்திக்கும் இந்திக்கும் ஒரே எழுத்து. இந்தியின் நிழலில் அது எங்கள் கத்திக்குத் தப்பி உள்ளே உட்கார்ந்திருந்தது. மொழியை மாற்றிக் கொடுத்தேன். பிறகு பெட்டி தன் மேடைத்தமிழில் சொன்னது:

"நான் காணாமல் போகவில்லை. என் ஓரகத்தி யமுனா என்னைத் தொலைத்துவிட்டாள். அவள் வரும்வரை இங்கிருந்து நகர மாட்டேன்."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. அவர் பெயர் சுமன்; மராத்தியில் பெண்களுக்கு மரியாதையாகப் 'பாய்' சேர்த்து, சுமன்பாய். இரண்டு வேன்களில் வந்திருக்கிறார்கள். மணல் எடுக்க இவர் இறங்கினார். இந்த வேன்காரர்கள் அந்த வேனில் இருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள், அவர்கள் இதில் என்று. அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் இருவரும் பல வருடங்களாகச் சேர்ந்து யாத்திரை போகிறவர்கள்.

"எங்களுக்குள் ஒரு விதி உண்டு. கூட்டத்தில் பிரிந்தால் இளையவள் நிற்கவேண்டும், மூத்தவள் தேடவேண்டும். இருவரும் தேடினால் இருவரும் தொலைவோம். நான் இளையவள்."

சாலையை மூடிவிடுவார்கள், யமுனா உள்ளே வரமுடியாது என்று சொன்னோம். செல்வராணி சொன்னது பெட்டிக்குப் புரியவில்லை; "இங்கன", "வாரேன்" எல்லாம் அதன் காதில் ஏறாது. நான் எழுத்துத் தமிழில் திருப்பிச் சொன்னேன். சுமன்பாய் தலையை ஆட்டினார்.

"யமுனா வருவாள். போலீஸ் என்ன, கடல் குறுக்கே வந்தாலும் வருவாள். வந்து பார்க்கும்போது நான் இங்கே இல்லையென்றால் அவள் என்ன செய்வாள்? விதிப்படி தேடிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு முழங்கால் வலி."

சோதனையில் சேர்ந்திருந்த கிளிஞ்சல் கடைக்காரரின் கைப்பேசியில் சார்ஜ் சிவப்பில் இருந்தது. ஆறில் ஒன்று அணைந்தால் ஆறும் ஊமை. சூரியன் கூரை மட்டத்துக்கு இறங்கிவிட்டது. பெட்டியில் ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது.

"அப்ப நான் நிக்கிறேன்" என்றார் செல்வராணி.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"என் வீடு இந்தா இருக்கு. என்னைய யாரும் போகச் சொல்ல முடியாது. அவுக எடத்துல நான் நிக்கிறேன். அந்தம்மா வந்தா, இப்படி இப்படி, ரயிலு டேசனுக்குப் போயிட்டாகன்னு சொல்லி அனுப்புறேன். கேளுங்கக்கா."

கேட்டேன். ஒவ்வொரு சொல்லாகப் போனது. சுமன்பாய் செல்வராணியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யமுனாவைவிட இளையவளா?"

"இளையவதான்னு சொல்லுங்க. சத்தியமா" என்றார் செல்வராணி. கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"அவள் வரும்வரை நிற்பாயா?"

"நிப்பேன்."

நான் திருப்பிச் சொன்ன அந்தப் பதில் மராத்தியாக வெளியே வந்ததும் கிளிஞ்சல் கடைக்காரரின் கைப்பேசி அணைந்தது. அது போதுமானதாக இருந்தது. சுமன்பாய் எழுந்தார். செல்வராணியின் இரு தோள்களையும் பிடித்து, தான் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார். மீன் வாடையைப் பற்றி அப்போது அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. செல்வராணி ஓரடி தள்ளி நின்றிருந்தார் போலும். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கடைச் சாமான்களை ஊருக்கு ஏற்றிப்போகும் குட்டியானை வண்டியில் போனோம். முன்னால் டிரைவரோடு நானும் சுமன்பாயும், பின்னால் கருப்பையாவும் தள்ளுவண்டியும். கைப்பேசிகள் அவரவரிடம் போய்விட்டன. எங்களுக்குள் இனி மொழி இல்லை. அவர் செம்பை மடியில் வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வழி முழுவதும் விடவில்லை.

சோதனைச் சாவடியில் ஏதோ தகராறு. தடுப்புக் கம்பியின் முன்னால், நடுச்சாலையில், ஒரு வயதான பெண்மணி கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். சப்இன்ஸ்பெக்டர் கும்பிடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு வேன்கள், அவற்றின் வழிகாட்டி இளைஞர் தலையில் கைவைத்தபடி. யமுனாபாய்.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். யமுனாபாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூச்சுவிடாமல் திட்டத் தொடங்கினார். வழிகாட்டி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "ஏன் நகர்ந்தாய் என்று கேட்கிறார். வேறொன்றும் இல்லை, அதையே கேட்கிறார்." சுமன்பாய் தன் பக்கத்தைச் சொன்னார். ராணி என்ற பெயர் மட்டும் எனக்குக் கேட்டது. யமுனாபாயின் முகம் மாறியது. மறுபடி சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்போது என்ன?" என்றேன்.

"நமக்காக ஒருத்தி அங்கே நிற்கிறாள், நான் போய்ப் பார்க்காமல் அவள் எப்படி நகர்வாள் என்கிறார். அதுவும் விதியாம்."

கருப்பையா பின்னாலிருந்து இறங்கி வந்தார். "அது உண்மைதான் சார். நிப்பேன்னு சொல்லிட்டா அந்தப் பொம்பளை நிக்கும். ரெண்டு வருசமா எங்கூடப் பேசாம நிக்கலையா?"

சப்இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயர்லெஸை எடுத்து அந்தப் பக்கத்துக் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். சுவர் ஓரமா ஒரு அம்மா நிக்கும், ஆளு கிடைச்சாச்சு, வீட்டுக்குப் போகச் சொல்லு என்றார். கரகரப்பு. பிறகு கான்ஸ்டபிள் குரல்: "சொல்லிட்டேன் சார். போகமாட்டேங்குது. 'நீங்க சொன்னா எப்படி? தேடிவந்த அம்மாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க'ங்குது சார்."

சப்இன்ஸ்பெக்டர் வயர்லெஸைப் பார்த்தார். இது எதற்கான கருவி என்று ஒரு கணம் யோசித்திருப்பார். பிறகு குனிந்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, யமுனாபாயின் வாயருகே நீட்டினார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

யமுனாபாய் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். நாலைந்து வாக்கியம் இருக்கும். குரல் உயர்ந்து, இறங்கி, சட்டென்று முடிந்தது. என்னவென்று கேட்கத் திரும்பினேன். வழிகாட்டி அதற்குள் வேன்களைத் திருப்ப ஓடியிருந்தார். எல்லாரும் வயர்லெஸையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சார்" என்றது கான்ஸ்டபிள் குரல். "அம்மா வீட்டுக்குப் போயிருச்சு சார்."

மறுநாள் வியாழக்கிழமை, ரயில் ஏறிவிட்டோம் என்று வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்திருந்தது. அதைச் சொல்லவும் விடைபெறவும் தனுஷ்கோடி போனேன். கருப்பையாவின் பெட்டியில் புது ஐஸ் வந்திருந்தது. கைப்பேசிகளை இனி அதில்தான் வைப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். புகையைப் பற்றிய வழக்கு மட்டும் அப்படியே இருந்தது, ஆனால் நேரடியாக நடந்தது. எனக்கு ஒரு சர்பத்தும் ஒரு தட்டு மீனும் கொடுத்து, காசு வாங்க மறுத்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே செல்வராணியிடம் கேட்டேன்: "நேற்று வயர்லெஸில் அந்த அம்மா பேசியது புரிந்ததா?"

"புரியாம என்ன?"

"என்ன சொன்னார்?"

"திட்டுனாக" என்றார் செல்வராணி, மீனைத் திருப்பிப் போட்டபடி. "'பொழுது அடைஞ்சு போச்சு, இன்னும் அங்கன என்னடி நிக்கிற, வீட்டுல சோறு தண்ணி பாக்க வேணாமா, போடி'ன்னாக. எனக்கும் மூத்த ஓரகத்தி இருக்காகல்லக்கா."